ஹவ்வாவைக் கூட்டிவர வாங்கிய எக்ஸல்

இரத்தோட்டை,
1957 ஒக்டோபர் 4, வெள்ளி

அன்புள்ள மச்சான் பலீல் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கச்சி ஸரீனாவும் சுகமே. கொழும்பில் மச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் துஆச் செய்கிறோம். லொறிக்கு மட்டும் சுகமில்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மகள் ஹவ்வாவுக்கு இது தலைப்பிள்ளை. தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். மருமகன் யஹ்யா மேலே ஏலக்காய்த் தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருக்கிறாரல்லவா, அவர், "மாமா, இந்த ரோட்டுல புள்ளத்தாச்சிய இறக்க ஏலா, இங்கயே மருத்துவிச்சி ஈக்கிறா" என்று பிடிவாதமாக நிற்கிறார். பெரிய மழை பிடித்துவிட்டால் யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஸரீனா அழுது அழுது கறிக்கு உப்புப் போட மறந்துபோகிறாள். என் பழைய பட்டாள லொறிக்கு நாலு சக்கரமும் இழுக்கும் என்று பேர்தான்; முன் சக்கரத்து எக்ஸல் உடைந்ததிலிருந்து பின் சக்கரம் மட்டுமே இழுக்கிறது, முதல் சேற்றிலேயே குந்திவிடுகிறது.

ஆகவே எக்ஸல் தேடினேன். மாத்தளையில் ஒரு ஜீப் எக்ஸல் கிடைத்தது. நம் லொறியின் கனத்துக்கு அது தாங்காது என்று லொறி திருத்தும் கராஜ் பாஸ் தலையை ஆட்டிவிட்டார். பலாபத்வலையில் ஸக்கரியா நானாவின் வளவில் பட்டாள லொறி எக்ஸல் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். "மச்சான், வாங்க முந்தி குனிஞ்சு அடியில பாருங்க, பல்சக்கரம் பழைய எக்ஸல்ல இருந்த பக்கமே ஈக்கிதான்னு பாருங்க, பக்கம் மாறினா சக்கரம் பின்னுக்குச் சுத்தும்" என்று நீங்கள் எழுதியிருந்ததை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். ஆனால் ஸரீனாவும் கூட வந்தாள், வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள், நானா வீட்டார் பாய் விரித்தார்கள், வட்டிலப்பம் வந்தது, மாப்பிள்ளை பார்க்கப் போன மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவர் முன்னாலேயே சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவருடைய சாமானுக்கு அடியில் எப்படி நுழைவது? நான் பாஸைப் பார்த்தேன். பாஸ் மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானா சொன்னா சரிதானே" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

எக்ஸலை லொறியில் பூட்டியாயிற்று. நேற்று அஸர் தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லி, நாலு சக்கரமும் இழுக்கக் கியரைப் போட்டேன். மச்சான், பின் சக்கரம் மலைக்குப் போகிறேன் என்கிறது, முன் சக்கரம் மாத்தளைக்குப் போகிறேன் என்கிறது, லொறி நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. தோட்டத்து ஆட்கள் வந்த பஸ்ஸும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனது. "மொதலாளி, நடுவுல வெட்டி விடுங்க, அது அது அதோட வழியில போகட்டும்" என்றான் ஒருவன். பாஸ் மட்டும் கலங்கவில்லை. "பின் சக்கரத்துக்குப் போற ஷாப்ட்ட கழட்டிட்டு ரிவர்ஸ் போட்டா, முன் சக்கரம் முன்னுக்குத்தானே இழுக்கும்" என்றார். அதுவும் சரிதான். "வருகிற புதன்கிழமை விடிய சுபஹோடு புறப்படுகிறேன், ஹவ்வாவை ஆயத்தமாக வைக்கவும், லொறி ரிவர்ஸ் கியரில் மலையேறி வரும்" என்று மருமகனுக்கு நேற்றே ஆள் அனுப்பிவிட்டேன். வெளியே வீராப்பாகப் பேசினாலும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது மச்சான். அவள் என் ஒரே மகள். அதனால் சரியான எக்ஸல் ஒன்றை எப்படியாவது உடனே ரயிலில் அனுப்பிவையுங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளை இந்த வீட்டில்தான் பிறக்கும்.

மச்சிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் அல்லாஹ் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அப்துல் ஸமத்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வாசலில் சத்தம். பார்த்தால் ஹவ்வா. சேதி கிடைத்ததும் மருமகன் நாலு பேரைப் பிடித்து, அவளைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கி, தானே மலையிறக்கிக் கொண்டுவந்துவிட்டார். "மாமா, ரோட்டுக்கு நான் பயந்தது உண்மதான், ஆனா ஒங்கட லொறிக்கு அதவிடப் பயம்" என்கிறார். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் நானே லொறியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். "வாணாம் மாமா, மழ முடியுமட்டும் ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்" என்றார். ஆகவே எக்ஸல் அனுப்ப வேண்டாம். லொறியில் இந்த எக்ஸலே இருக்கட்டும் என்று ஸரீனா சொல்கிறாள்.