சாம்பாருக்கு டோக்கன் போட்ட பேராசிரியை

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களை நம்பி வகுப்பறையை ஒப்படைக்கலாம், ஆராய்ச்சியை ஒப்படைக்கலாம், ஏன், ஏதாவது ஒரு கமிட்டியைக்கூட ஒப்படைக்கலாம். அங்கெல்லாம் நாங்கள் செய்யும் சேதம் யாருக்கும் உடனே தெரியாது. இட்லிக்கடையை மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள். இருபது வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறவள், எட்டே எட்டு நாள் ஒரு கடையை நடத்தியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. தொழில் நடைமுறை என்று ஒரு பாடம் உண்டு. அதை எடுக்க ஆளில்லை என்று என் தலையில் கட்டியிருந்தார்கள். நானோ வாழ்க்கையில் ஒரு கடலைமிட்டாய்கூட விற்றதில்லை. ஆனால் வாடிக்கையாளர் மனதை அறிவது எப்படி, கடையை வளர்ப்பது எப்படி என்று அறுபது பிள்ளைகளுக்கு வாரம் நாலு மணி நேரம் அளந்துகொண்டிருந்தேன். (அவர்களும் பாவம், எழுதிக்கொண்டார்கள்.) இது போதாதென்று, பதவி உயர்வு வேண்டுமானால் களத்துக்குப் போய் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டு வா என்று முதல்வர் நச்சரித்துக்கொண்டிருந்தார். களம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபேன் ஓடாத வகுப்பறைதான்.

அந்தக் கோடை விடுமுறையில் என் அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அண்ணி முத்தாபுதுப்பேட்டை மெயின் ரோட்டில் இட்லிக்கடை வைத்திருந்தார். காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் வியாபாரம். ஆவடி ஃபேக்டரிக்குக் காலை ஷிஃப்ட் போகிறவர்கள், ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஐ.டி. பிள்ளைகள், ஆட்டோக்காரர்கள் எல்லாம் அங்கேதான் சாப்பிடுவார்கள். அண்ணனுக்கு வேலை போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்ததால், வீட்டில் அடுப்பு எரிந்ததும் பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியதும் அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான். அண்ணன் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க வேண்டும். கடையைப் பத்து நாள் யார் பார்ப்பது? நான் பார்க்கிறேன் என்று நானே முன்வந்தேன். (நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். ஓசியில் களம் கிடைத்ததே என்ற ஆசை.)

அண்ணிக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் மாத்தாத கவிதா. சமைக்கறதுக்கு மாஸ்டர் கீறாரு. கடை அதுவா ஓடும். நீ சும்மா நின்னா போதும்" என்றார்.

சும்மா நிற்பதற்கா ஆறு வருடம் உட்கார்ந்து பி.எச்டி. வாங்கினேன்?

முதல் நாள் நோட்டுப்புத்தகமும் கையுமாக நின்று கவனித்தேன். கவனித்ததில் நெஞ்சு பதறியது. இரண்டு இட்லி வாங்குகிறவன் நாலு கரண்டி சாம்பார் வாங்குகிறான். தனசேகர் என்று ஒரு ஆட்டோக்காரர், அந்த ஸ்டாண்டுக்கே தலைவர் மாதிரி. அவர் தட்டில் இட்லி எங்கே இருக்கிறது என்று துழாவித்தான் பார்க்க வேண்டும். விலை வைக்காத பண்டத்தை மனிதன் வீணடிப்பான் என்று பத்து வருடமாக போர்டில் எழுதுகிறேனே, அது இங்கே கண் முன்னால் தட்டில் மிதக்கிறதே என்று எனக்குப் புல்லரித்தது. அன்று சாயங்காலமே பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் மஞ்சள் தாளில் டோக்கன் அடித்தேன். 'சாம்பார் – 1 கரண்டி.' ஒரு தட்டுக்கு இரண்டு டோக்கன். அதற்கு மேல் வேண்டுமென்றால் கரண்டிக்குப் பத்து ரூபாய்.

மாஸ்டர் பாண்டியன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். அண்டாவில் குறைந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்றால், என்று எதையோ சொல்ல ஆரம்பித்தார். நான் விட்டால்தானே? தினமும் ஒரு அண்டாதான், அதற்கு மேல் ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது, சேர்த்தால் என் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று சொல்லி, பற்றாக்குறை என்றால் என்ன என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் மாவை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையையும் ஆட்டினார்.

மறுநாள் காலை தனசேகர் தட்டை நீட்டி மூன்றாவது கரண்டி கேட்டார். நான் டோக்கன் கேட்டேன். விளக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், ரேஷன் கடையாண்ட வந்துட்டனா? சர்க்கரை, பாமாயில்லாம் எப்ப போடுவீங்க?"

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. 'மாற்றத்துக்கு ஆரம்ப கட்ட எதிர்ப்பு' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். டோக்கன் கொடுத்து, வாங்கி, கிழித்துப் போடுவதற்குள் வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது. ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டிய இரண்டு பேர் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நடந்ததுதான் என் புத்தியை முழுசாகக் கெடுத்தது. சட்னி மட்டும் போதும் என்கிறவர்கள், பார்சல் வாங்குகிறவர்கள், இவர்கள் கையில் டோக்கன் மிஞ்சியது. தனசேகர் அதையெல்லாம் வாங்கிச் சேர்த்து, சாம்பார் பிரியர்களுக்குக் கைமாற்றத் தொடங்கினார். இரண்டு டோக்கனுக்கு ஒரு டீ. மழை தூறினால் மூன்று டோக்கனுக்கு ஒரு டீ. (எந்தக் கணக்கில் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.) என் கண்ணெதிரே ஒரு சந்தை பிறந்துவிட்டது. புத்தகத்தில் மட்டும் பார்த்தது! தட்டு கொடுக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு பெஞ்ச் பெஞ்சாகப் போய், இந்த டோக்கனை எவ்வளவுக்கு வாங்கினீர்கள், ஏன் வாங்கினீர்கள் என்று பேட்டி எடுத்தேன். இட்லித் தட்டு ஆவி போய்க் கிடந்தது. ஃபேக்டரிக்காரர் ஒருவர், இட்லியைக் கொடுத்துவிட்டு எழுதும்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினார். நான் அவருடைய வயதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன். அவ்வளவு கொழுப்பு.

நாலாம் நாள் ஏழு மணிக்கே அண்டா காலி. கையில் டோக்கன் வைத்திருந்தவர்களோ முப்பது பேருக்கு மேல். நான் அடித்தது அவ்வளவு இல்லையே என்று பார்த்தால், நான் போன அதே ஜெராக்ஸ் கடை, அதே மஞ்சள் தாள். யாரோ எனக்கு முன்னால் எழுந்து போய் அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். உடனே ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். மஞ்சள் டோக்கன் இந்த நிமிடத்திலிருந்து செல்லாது, நாளை முதல் பச்சை டோக்கன் மட்டும்தான் என்று அறிவித்தேன். செல்லாது என்ற வார்த்தையை இந்த நாட்டில் நாலு பேர் நடுவே சொல்லலாமா? சந்தையில் காய்கறி விற்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. சண்டை பெரிதாகி, பாதி இட்லியோடு தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் கிளம்பிப் போனார்கள்.

எதிர்ச்சாரியில் ஒரு புருஷன் பெண்டாட்டி தள்ளுவண்டி போட்டிருந்தார்கள். அதுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். ஐந்தாம் நாள் காலை அவர்கள் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் சாம்பார் வாளியை வைத்து, கரண்டியையும் போட்டுவிட்டார்கள். வேண்டிய மட்டும் நீங்களே ஊத்திக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. எட்டாவது வரை படித்த தம்பதி. என் கூட்டம் மொத்தமும் ரோட்டைத் தாண்டியது. அன்று என் கடைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் வழி கேட்க வந்தவர்கள். மிஞ்சிய இட்லியை அம்பத்தூர் வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புமாவாக உதிர்த்தேன். என் கணவர் மூன்று வேளை வாய் திறக்காமல் சாப்பிட்டார். நாலாவது வேளை, உன் ஆராய்ச்சி எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார்.

எட்டாம் நாள் காலை கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தனசேகரின் ஆட்டோ. அவர்தான் முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கே போய் அண்ணியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கிறார். வயிற்றில் தையலோடு, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணி இறங்கினார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார். எதிர்ச்சாரிக் கூட்டத்தைப் பார்த்தார். மாஸ்டர் ஒரு பச்சை டோக்கனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சாம்பார் தீந்துடுமேன்னா டோக்கன் போட்ட?"

"ஆமா அண்ணி. விலை இல்லேன்னா ஜனங்க வீணடிப்பாங்க."

"ஒரு கரண்டிக்கு இன்னா செலவாவுதுன்னு மாஸ்டராண்ட கேட்டியா?"

கேட்கவில்லை. செலவைக் கேட்காமல் விலை வைத்த உலகத்தின் ஒரே பொருளாதார நிபுணி நான்தான்.

"மொத கரண்டில பருப்பு வரும். ரெண்டாவதுல காய் வரும். அதுக்கப்பறம் ஊத்தறது சுடுதண்ணி கவிதா. அண்டா கொறையக் கொறைய மாஸ்டர் வெந்நி ஊத்தி, பொடியத் தூவி, ஒரு கொதி உடுவாரு. சுடுதண்ணிக்கா நீ டோக்கன் போட்ட?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அண்ணி கத்தவில்லை. இந்த ஷிஃப்ட்காரர்களைச் சேர்க்க மூன்று வருடம் ஆனது என்று முணுமுணுத்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அப்புறம் வாளியை என் கையில் கொடுத்து, ரோட்டோரம் போய் நின்று கூப்பிடு என்றார். நின்றேன். "வாங்க, சாம்பார் எவ்வளவு வேணாலும் ஊத்துறோம்" என்று போகிற வருகிறவர்களிடம் கூவினேன். அந்த நேரம் பார்த்து என் மாணவன் ஒருவன் பைக்கை நிறுத்தி, "குட் மார்னிங் மேடம்" என்றான். தொழில் நடைமுறையில் அவனை ஃபெயிலாக்கியிருந்தேன். அவன் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். நல்ல பையன்.

ஆறு வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் அண்ணி மூன்றாவது வாரமே வந்து கடையில் நின்றார். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆடி மாதம் ஆகிவிட்டது. சிலர் வரவே இல்லை. அந்தப் பாவத்தை எந்தக் கட்டுரை எழுதியும் நான் கழுவ முடியாது.

ஆனாலும் கட்டுரையை எழுதினேன், சும்மா சொல்லக் கூடாது! சாலையோர உணவகங்களில் டோக்கன் சந்தையின் தோற்றம் பற்றி, படமும் அட்டவணையுமாக. கருத்தரங்கில் வாசித்தேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை அறிஞர்களில் ஒருவராவது சாம்பார் என்ன விலைக்கு அடங்குகிறது என்று கேட்க வேண்டுமே, ம்ஹூம். கடை என்ன ஆனது என்றும் யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. பக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதவி உயர்வு வந்தது. கூச்சநாச்சம் இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அண்ணி கடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நிறுத்தி, திருநின்றவூரில் மனை வாங்கி வீடும் கட்டினார். கிரகப்பிரவேசப் பந்தியில் பரிமாற நான் ஆசையாக சாம்பார் வாளியைத் தூக்கினேன். அண்ணி அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் வந்து வாளியை வாங்கி மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, என் கையில் உப்புக் கிண்ணத்தை வைத்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் வளைகாப்போ காதுகுத்தோ எதுவானாலும் எனக்கு உப்புதான். குழந்தைகளுக்குக் கொடுக்கிற வேலை.

போன மாதம் அண்ணி மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் இலை இலையாக உப்பு வைத்துக்கொண்டே போனேன். மாப்பிள்ளையின் தாத்தா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, இந்தம்மா காலேஜில் பெரிய ப்ரொஃபசர் என்று சொன்னீர்களே, இவரைப் போய் உப்பு வைக்க விட்டிருக்கிறீர்களே என்று அண்ணியிடம் சங்கடப்பட்டார்.

"ஆமாங்க, எக்கனாமிக்ஸ் ப்ரொஃபசர்" என்றார் அண்ணி. "அதனாலதான் உப்போட நிறுத்தி வெச்சிருக்கோம்."

பந்தி முழுக்கச் சிரித்தது. தாத்தா இன்னும் கொஞ்சம் உப்பு கேட்டார். அவர் போதும் என்கிற வரைக்கும் வைத்தேன்.