தியேட்டர் மேனேஜர் பின்னால் போன விளம்பரம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அதாவது காலை முதல் மாலை வரை கிடைத்த நேரத்தில், எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மானம்தான் போலீஸ் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கண்டவுடன் நம் குஷன் கடையின் விளம்பரத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மகள் ஏன் என்று கேட்டால், நீங்களாகவே எடுத்த முடிவு என்று சொல்லிவிடுங்கள்.

உங்களைக் குறை சொல்லமாட்டேன். எதிரே ரெடிமேட் சோபா கடை வந்த பிறகு கிழிந்ததைத் தைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. கடையை மூடினால் நானும் உங்கள் அத்தையும் உங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரவேண்டும் என்று போன விடுமுறையில் பேச்சுவாக்கில் சொன்னேன். சொன்ன அன்றைக்கே நீங்கள் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தீர்கள். அந்த வேகத்தின் காரணத்தை நான் ஆராயவில்லை. "ஜனங்க என்னென்ன வார்த்தை போட்டுத் தேடுவாங்களோ, அத்தனை கீவேர்டையும் நாம பிடிச்சு வெச்சுக்கணும் மாமா" என்றீர்கள். பிடித்தும் வைத்தீர்கள். விளம்பரத்தை யாராவது கிளிக் செய்தால் நம் பணம் கழியும் என்பதை மட்டும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் அத்தையோ, கடை கம்ப்யூட்டரில் வருகிற பெருமையில், தங்கை, நாத்தனார், என் பெரியப்பா மகன் என்று ஒருவர் விடாமல் போன் போட்டு, "காலையில எழுந்ததும் நம்ம கடை விளம்பரத்தை ஒரு தட்டு தட்டிடுங்க, மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடத் தட்டினார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, அது தீர்ந்தால் விளம்பரம் மறைந்துவிடும் என்று நீங்கள் பிறகு போனில் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. காலைக் காபி ஆறுவதற்குள் சொந்தக்காரர்களே அன்பினால் கடையைச் சாத்திவிடுகிறார்கள். மெய்யான வாடிக்கையாளர் எழுந்து பல் துலக்கிவிட்டுத் தேடும்போது நாம் இல்லை. இதை உங்கள் அத்தையிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் தியேட்டர் மேனேஜர் கடைக்கு வந்தார். அவர் தியேட்டரில் சீட்டெல்லாம் கிழிந்து, ஸ்பிரிங் வெளியே வந்து, சோகக் காட்சிக்கு முன்னாலேயே ஜனங்கள் ஐயோ என்று அலறுகிறார்களாம். அத்தனை சீட்டும் நம் கைக்கு வந்தால் கடை பிழைத்துவிடும். மனிதர் விலை கேட்டார், ரெக்சினைத் தடவிப் பார்த்தார், "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உடனே உங்களைத்தான் கூப்பிட்டேன். "எட்டிப் பாத்துட்டுப் போனவரை விடவே கூடாது மாமா. அவர் செய்தி படிச்சாலும் பாட்டு கேட்டாலும் நம்ம விளம்பரம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும். இதுக்குப் பேரு ரீடார்கெட்டிங். பட்டுப் பட்டு, கடைசியில அவரே வந்துடுவார்" என்றீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் மேனேஜர் வைத்திருப்பது பட்டன் போன். அதில் விளம்பரம் எப்படிப் போகும்? அதனால் நானே போனேன்.

சிவப்பு ரெக்சின் போட்ட ஒரு மாதிரிக் குஷனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதலில் அவர் முடிவெட்டும் கடைக்குப் போனேன். கண்ணாடியில் பார்த்தார், பின்னால் நான். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிவிட்டுத் திரும்பினார், நான். கண் டாக்டர் எழுத்தைப் படிக்கச் சொன்னபோது, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த என்னைத்தான் முதலில் படித்தாராம். எங்கேயும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை மாப்பிள்ளை. விளம்பரம் கண்ணில் பட்டால் போதும் என்று நீங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். கடைசியில் பஸ் ஸ்டாப்பில் மனிதர் பொறுமை இழந்து, "யோவ், உனக்கு என்னதான்யா வேணும்?" என்று கத்தினார். நான் குஷனை பெஞ்சில் வைத்து, "உக்காந்து பாருங்க சார்" என்றேன். கூட்டத்தில் யாரோ பிக்பாக்கெட் என்றார்கள். அப்புறம் ஸ்டேஷன்.

உங்கள் அத்தைதான் வந்து கூட்டிப்போனாள். "எங்க வீட்டுக்காரர் குஷன் தைக்கிறவருங்க. மாப்பிள்ளை சொல்லிக்குடுத்தாருன்னு விளம்பரமா நடந்துட்டிருக்காரு" என்று அவள் விளக்கியதும் இன்ஸ்பெக்டர் உங்கள் விலாசத்தைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் ஒருவர் விடாமல் போன் போட்டு, "இனிமே யாரும் அந்த விளம்பரத்தைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. சீட்டும் போயிற்று, பேரும் போயிற்று. கடையை மூடிவிடுகிறேன். உங்கள் வீட்டில் பால்கனிப் பக்கத்து அறை எங்களுக்குப் போதும். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டோம்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழவேண்டும். உங்கள் அத்தை பேசாததால் அவளுடைய ஆசியையும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தியேட்டர் மேனேஜர் வந்துவிட்டார். டிக்கெட் கவுண்டர் பெண்ணைக் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னாராம். "குஷன் கடைன்னு தேடினா நீ வர்றே. வேற குஷன் கடைன்னு தேடினாலும் நீதான். தொந்தரவு பண்ணாத குஷன் கடைன்னு தேடினேன், அதுக்கும் நீதான்யா முதல்ல வந்து நிக்கிறே. நான் என்னதான் பண்றது?" என்று கேட்டுவிட்டு, அத்தனை சீட்டையும் தைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொந்தக்காரர்கள் யாரும் தட்டாததால் விளம்பரம் சாயங்காலம் வரை உயிரோடு இருந்திருக்கிறது. எல்லாம் உங்கள் அத்தையின் கோபம் செய்த புண்ணியம். ஆகவே மேலே எழுதியதில் ஆசியைத் தவிர மற்றதையெல்லாம் மறந்துவிடுங்கள். விளம்பரம் இருக்கட்டும். பெட்டியைப் பிரித்துவிட்டோம், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அத்தையும் இப்போது பேசுகிறாள். பேசுவதற்குத்தான் நேரமில்லை: போன வாரம் நாற்காலிக்கு விலை கேட்டுவிட்டு "பார்க்கலாம்" என்று சொன்ன பல் டாக்டர் சற்று முன் வாக்கிங் கிளம்பினார், மாதிரிக் குஷனை எடுத்துக்கொண்டு இவளும் பின்னாலேயே கிளம்பிவிட்டாள். அவர் வைத்திருப்பது ஸ்மார்ட் போன்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.