மாடிக்கு ஒரு குழாய்

ஒன்றில் இரண்டு மெஷின்களும் பொய் சொல்கின்றன, இல்லாவிட்டால் குழாய் முழுக்க ஓட்டை. எது என்பதுதான் ராஜநாயகத்துக்குப் பிடிபடவில்லை.

மாத்தளையில் டாக்டரம்மா கட்டிய மாடிவீட்டுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். ஏசிக் காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகக் கீழே ஒரு தகரக் குழாய், மாடிக்கு ஒன்று என்று பிளானில் இருந்தது. அவற்றில் காற்று கசிகிறதா என்று சோதிக்க கம்பெனி ஒரு மெஷின் வாங்கவிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, விற்பனையாளர்கள் இருவரில் மகேந்திரராஜா காலையில் ஒன்றும், மைக்கல் பின்னேரம் வேறொன்றும் கொண்டுவருவதாக ஏற்பாடு.

அது 2006, போர்க்காலம். சோதனைச் சாவடியில் மகேந்திரராஜாவின் பெட்டியைப் பிரித்தவர்கள், உள்ளே இருப்பது காற்றாடிதான் என்று நம்புவதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. வேறு வழியின்றி இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். மகேந்திரராஜா கீழ்க் குழாயில் காற்றை ஊதினார். மைக்கல் மாடிக் குழாயில் உறிஞ்சினார்.

"எவ்வளவு ஊதினாலும் நிரம்ப மாட்டேங்குதுங்க. குழாய் பூரா ஓட்டை," என்றார் மகேந்திரராஜா.

"இங்க உறிஞ்ச உறிஞ்ச காத்து வந்துக்கிட்டே இருக்கு," என்று மாடியிலிருந்து மைக்கல் சொன்னார்.

குழாய் வேலை சரி என்று கையெழுத்துப் போட்டவர் ராஜநாயகம். டாக்டரம்மா ஐந்து மணிக்கு வருகிறார்.

ராஜநாயகம் கூரைக்குள் தவழ்ந்து, கைக்கெட்டிய மூட்டுக்கெல்லாம் டேப் சுற்றினார். மெஷினில் கசிவைக் காட்டும் முள் இன்னும் ஏறியது. அறைகளில் காற்று வரும் வாய்களையெல்லாம் பொலித்தீனால் அடைத்தார். முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது.

"மிசினை இடம் மாத்திப் பாருங்க," என்றார் ராஜநாயகம்.

மாற்றினார்கள். அதே கணக்குத்தான்.

"சரி, மைக்கல், ஒங்கடத நிப்பாட்டுங்க."

மைக்கல் நிறுத்தினார். மாடியில் மகேந்திரராஜா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாதியாக் கொறைஞ்சிருச்சு. அதெப்படிங்க, கீழ நிப்பாட்டினா மேல கொறையும்?"

மகேந்திரராஜா கீழே இறங்கி வந்தார். வாசலில் டாக்டரம்மாவின் கார் வந்து நின்றது.

வீட்டைக் காவல் பார்க்கும் சவரியம்மா பிளேன்டீத் தட்டோடு வந்தவள், மைக்கல் விரித்து வைத்திருந்த பிளானை எட்டிப் பார்த்து ராஜநாயகத்திடம் சொன்னாள்.

"மாடிக்குத் தனியாக் குழாய் ஏதுங்கய்யா? கீழ் குழாயத்தானே மேலயும் வளைச்சு விட்டாங்க. மத்தத் தகரத்தை மிச்சம்னு நீங்கதானே எங்க வீட்டுக் கூரைக்குக் குடுத்தீங்க. இன்னிவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகலீங்க."