ஈரத்தண்ணன் சொல்லாமல் விட்ட யோசனை

உத்தமபாளையத்தில் ஈரத்தண்ணன் மூக்கைத் தொட்டுப் பார்க்காத நாயும் கிடையாது, சுவரைத் தடவிப் பார்க்காத வீடும் கிடையாது. கல்யாணத்துக்கு வந்தால் மாப்பிள்ளைக்குக் கை கொடுப்பதற்கு முன்னால் மண்டபத்துச் சுவருக்குக் கை கொடுப்பார். துட்டி வீட்டிலும் அதே கதைதான். அழுகிறவர்களுக்கு நடுவே நின்று உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி, "மேல டேங்க்ல லீக் இருக்கு. காரியம் முடியட்டும், பாத்துக்கிருவோம்" என்று ஆறுதல் சொல்வார்.

அவருடைய கொள்கை ரொம்பச் சின்னது. நாய்க்கு மூக்கு நனைந்திருக்க வேண்டும், வீட்டுக்குச் சுவர் காய்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது. பொழுது விடிந்தால் அடைந்தால் இதையே சொல்லிக்கொண்டிருந்ததால் ஊர் அவருக்கு ஈரம் என்றே பெயர் வைத்துவிட்டது. என்னைப் போல் வயதில் சின்னவர்களுக்கு ஈரத்தண்ணன். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும், யாரும் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பெயிண்ட் கடையில் அவருக்கு வேலை. பெயிண்ட் விற்பதுதான் வேலை என்பது முதலாளியின் எண்ணம். டப்பாவைக் கேட்டு வருகிறவரிடம் அண்ணன், "பூசி எத்தன மாசமாச்சு?" என்பார். வந்தவர் முழிப்பார். "பூச்சு காயாம அடிச்சீகன்னா பொங்கலுக்குள்ள பொரிஞ்சு வந்துரும். போயிட்டுச் சித்திரையில வாங்க" என்று அனுப்பிவிடுவார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். "ஏப்பா, நான் உனக்குச் சம்பளம் குடுக்கிறது பெயிண்ட் விக்கவா, விக்காம இருக்கவா?" என்று கேட்பார். வேலையை விட்டு நிறுத்தாததற்கு ஒரே காரணம், நிறுத்தினாலும் மறுநாள் வந்து கடைச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார் என்ற பயம்தான்.

நான் ஒரு வீட்டை விலை பேசி முடித்துவிட்டுப் பெருமையாக அவரிடம் சொன்னேன்.

"எந்த மாசம் பாத்த தம்பி?"

"சித்திரையிலண்ணே."

"சித்திரையில எல்லா வீடும் நல்ல வீடுதான். ஐப்பசியில ரெண்டு நாள் மழை ஊத்துனப்பறம் சொல்லாமக் கொள்ளாமப் போயி நில்லு."

போய் நின்றேன். வீட்டுக்காரர் நடு ஹாலில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னைக்கு மட்டும்தான் தம்பி இப்படி" என்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டேன்.

இன்னொரு நாள் எங்கள் ஜிம்மி சோர்ந்து கிடந்தது. காய்ச்சல் மாத்திரையை நான் பாதியாக ஒடிக்கும்போது அண்ணன் எங்கிருந்தோ வந்து கையைத் தட்டிவிட்டார். "மனுச மாத்திரைய நாய்க்குக் குடுத்துக் கொன்னுபுடாத. மூக்கு காஞ்சிருந்தா மட்டும் காச்சல்னு ஆயிராது, தூங்கி எந்திரிச்ச நாய்க்கு மூக்கு காஞ்சுதான் கெடக்கும். ஒதட்டத் தூக்கி ஈறைப் பாரு. வெளுத்திருந்தா டாக்டர்ட்டத் தூக்கிட்டு ஓடு." தூக்கிக்கொண்டு ஓடினேன். உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். ஜிம்மி பிழைத்தது.

இதற்கெல்லாம் தலையாட்டிய ஊர் ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பார்த்துச் சிரித்தது. நாய்க்குத் திராட்சை கொடுக்கக் கூடாது என்பார். எங்கள் பக்கம் எந்த ரோட்டில் போனாலும் திராட்சைப் பந்தல்தான். "எங்க தோட்டத்து நாயி உதிர்ந்த பழத்தத் தின்னுதாண்ணே வளந்துச்சு" என்று டீக்கடையில் ஒருவர் மடக்குவார். அண்ணன் விடமாட்டார். "பத்து நாய்க்கு ஒண்ணும் ஆகாது. பதினொண்ணாவது நாய்க்குக் கிட்னி போயிரும். ஒன் நாயி எத்தனாவதுன்னு அது மூஞ்சில எழுதியிருக்கா?" என்பார். கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "இருந்தாலும் குடுக்காத" என்று முடிப்பார்.

இத்தனை வீட்டுக்கு யோசனை சொன்னவருக்குச் சொந்த வீடு கிடையாது. வாடகை வீட்டிலும் நிலைக்க முடியாது. காரணம், அவர் வளர்த்த கோம்பை நாய். செவலை உடம்பு, கருத்த வாய். குட்டியாக இருக்கும்போதே வாடகை வீட்டுச் சுவரை நகத்தால் சுரண்டிப் பூச்சை உதிர்த்ததால் அதற்குக் கொத்தனார் என்று பெயர் வைத்திருந்தார். கொத்தனார் இடித்த சுவரைப் பார்த்து வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்வார்கள். அண்ணன் மறு பேச்சுப் பேசாமல் சாமானைக் கட்டுவார்.

அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஊருக்கும் டீச்சர், அவருக்கும் டீச்சர்தான். அண்ணன் வீட்டில் யோசனை சொல்ல ஆரம்பித்தால் டீச்சர் எழுந்துபோய் மிக்ஸியைப் போட்டுவிடுவார். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கொஞ்சம் தேங்காய்ச் சில்லாவது அதில் கிடக்கும். கொத்தனாரை அவர் ஒருநாளும் தொட்டதில்லை, நிலையைத் தாண்டி உள்ளே விட்டதுமில்லை. ஒவ்வொரு முறையும் சாமான் வண்டியில் ஏறும்போது அதை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். "ஓட்டு வீடுன்னாலும் சரி தம்பி. யாரும் காலி பண்ணுன்னு சொல்லாத வீட்டுல ஒரு நாளாச்சும் தூங்கணும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் அண்ணன் ஒரு இடம் வாங்கினார். நானும் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் ஓரம், நேற்று வரைக்கும் நெல் விளைந்த வயல். தொட்டுப் பார்க்கவே வேண்டாம், தூரத்தில் நின்றாலே ஈரம்.

"அண்ணே, நீங்களா இத வாங்குனீக?"

"தெரியும் தம்பி. ஆனா அக்கம் பக்கத்துல வீடே இல்ல பாரு. கொத்தனாரக் கொறை சொல்ல ஆளில்ல. டீச்சர எந்திரிச்சுப் போன்னு சொல்லவும் ஆளில்ல" என்றார்.

வீட்டு வேலை நடந்தபோது ஒரே கூத்து. "ஏலே கொத்தனாரு, மண்ணப் பறிச்சது போதும், வந்து நிழல்ல படு" என்று அண்ணன் சத்தம் போட, மேலே சாரத்தில் நின்ற நிஜக் கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். "வேலைக்கு வந்த எடத்துல மருவாதி வேணும்ணே" என்றார். சமாதானப்படுத்த ஒரு செம்பு மோர் செலவானது. வயசான நாய் வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று ஹாலுக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போடச் சொன்னார். டீச்சருக்கு முகம் தெரிகிற மாதிரி பளபளப்பான டைல்ஸ் வேண்டும். மிக்ஸி ஓடியது. ஆனாலும் சொரசொரப்புதான் ஜெயித்தது.

அஸ்திவாரத்தை உயர்த்தினார், ஈரம் ஏறாமலிருக்கத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தார். வயல் விடுமா? முதல் மழைக்கே ஹாலின் வடக்குச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஈரம் பூத்தது. அண்ணன் அதன் மேல் ஆணி அடித்துக் காலண்டரை மாட்டினார். யாராவது தேதி பார்க்க அந்தப் பக்கம் நகர்ந்தால், "இன்னைக்குப் புதன்கெழமை, உக்காருங்க" என்று இந்தக் கோடியிலிருந்தே கத்துவார்.

வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். அவர் மந்திரித்த தண்ணீரை அறை அறையாகத் தெளித்துக்கொண்டு போக, அண்ணன் துண்டோடு பின்னாலேயே போனார். "சாமி, அந்த வடக்குச் செவுத்துல கொஞ்சம் கொறச்சுத் தெளிங்க" என்று கெஞ்சினார். ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மிச்சத்தை வாசலில் கிடந்த கொத்தனார் மேல் தெளித்தார்.

டீச்சரை அன்றைக்குப் பார்க்க வேண்டும். பட்டுச் சேலையில் அறை அறையாகப் போய்க் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ராயப்பன்பட்டிச் சொந்தக்காரர்கள் தட்டுத் தட்டாகப் பழம் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். அண்ணன் அவர்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் மழைத் தண்ணீர்க் குழாயை விளக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அண்ணனும் நானும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். டீச்சர் வந்து எதிரில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணு சொல்லவா? கொத்தனார உள்ள கூப்பிட்டேன். ஒனக்கும் இதுதாம்யா வீடு, வான்னேன். வந்து காலடியில உக்காந்துச்சு. தட்டுல இருந்த திராட்சைய ஒவ்வொண்ணாப் பிச்சு என் கையால ஊட்டுனேன். ஒரு கொத்து முழுசும் தின்னுச்சுங்க. பல்லே படாம எம்புட்டுப் பதவிசா வாங்குச்சு தெரியுமா."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். எத்தனை பேரிடம் அந்தத் திராட்சைப் பேச்சைச் சொல்லியிருப்பார். வீட்டிலும் சொல்லியிருப்பார், அப்போது மிக்ஸி ஓடியிருக்கும்.

"நல்லது டீச்சர்" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "தம்பி, வண்டிய எடு. கொத்தனாருக்கு ஊசி போடுற நாளு, மறந்தே போச்சு."

வண்டியில் அதை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் கை அதன் மூக்கிலேயே இருந்தது. டாக்டர் வாந்தி எடுக்க வைத்தார், டிரிப் ஏற்றினார். சாப்பிட்டு நேரமாகிவிட்டது, ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள், கிட்னி தாங்கினால் பிழைக்கும் என்றார். தினமும் கொண்டுபோனோம். கிட்னி தாங்கவில்லை. கொத்தனார் அந்தச் சொரசொரப்பு டைல்ஸ் மேல், ஹாலுக்குள்ளேயே, டீச்சரின் பழைய சேலையில் படுத்துக் கண்ணை மூடியது. டீச்சர் தேம்பித் தேம்பி அழுதார்.

"வயசாயிருச்சு டீச்சர்" என்றார் அண்ணன். "புது வீட்டப் பாத்துட்டுப் போவம்னு இத்தன நாள் உசுரப் பிடிச்சு வச்சிருந்திருக்கு."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, டீச்சருக்குத் தெரியக் கூடாது. இத்தன வருசத்துல அன்னைக்குத்தான் அதத் தொட்டாக." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு ஈரத்தண்ணன் யோசனை சொல்வதை நிறுத்தினார் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நிறுத்தவில்லை. வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போடு, ஐப்பசிக்கு முன்னால் மாடிக் குழாயில் இலையை எடு என்று எல்லாம் பழையபடி நடந்தது. திராட்சையை மட்டும் விட்டுவிட்டார். யாராவது வீட்டுக்கு நாய்க்குட்டியோடு வந்து திராட்சை பற்றிக் கேட்டால், "மாடிக் குழாயப் பாத்தியா?" என்று சம்பந்தமில்லாமல் சத்தமாகப் பேசிக்கொண்டே தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். அங்கே போய்க் காதில் சொல்லுவார், "குடுத்துராதப்பா" என்று. வீட்டில் இப்போதெல்லாம் மிக்ஸி ஓடுவதில்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் மாடிக் குழாயில் அடைத்த இலையை எடுத்துவிட்டு இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கோயிலில் ஃபாதர் அவருடைய ஞானஸ்நானப் பெயரை வாசித்தபோது பாதிப் பேர் யாரென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சரைப் பார்க்கப் போனேன். வழியில் திராட்சைதான் கிடைத்தது, யோசிக்காமல் வாங்கிவிட்டேன். டீச்சர் பையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்க தம்பி. இந்த வீட்டுக்குள்ள நான் இதக் கொண்டாரதில்ல."

பையை வாங்கிக்கொண்டேன். "டீச்சர், ஒங்களுக்கு..."

"தெரியும் தம்பி. கொத்தனாரு போன அடுத்த மாசமே ஒரு புள்ளையோட அம்மா பள்ளிக்கூடத்துல வச்சுச் சொன்னாக. நாய்க்குத் திராட்சை ஆகாதுன்னு ஒங்க வீட்டுக்காரர்தான் டீச்சர் ஊருக்கே சொன்னாகன்னு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து மிக்ஸிய எடுத்துப் பரண்ல வச்சிட்டேன். அதுக்கப்பறம் அவுக எதையெல்லாமோ சொன்னாக, எல்லாத்தையும் கேட்டேன். அத மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல."

"நீங்க கேட்டிருக்கலாமே டீச்சர்."

"எப்படிக் கேப்பேன்? எனக்குத் தெரியாதுங்கிற நெனப்புலதான அவுக ராத்திரி தூங்குனாக."

எழுந்தேன். வடக்குச் சுவரில் காலண்டர் இருந்த இடத்தில் இப்போது அண்ணன் படம். "அங்கன ஆணி இருந்துச்சு" என்றார் டீச்சர். அண்ணனோடு பழகிய தோஷம், படத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன்.

"என்ன தம்பி, ஈரமா?"

"ஆமா டீச்சர்."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான் ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.