ஃபோல்டருக்குப் பிரமோஷன்

"தப்பு மெஷின்ல இல்ல சார். மரியாதையிலதான் இருக்கு."

கேட்டுக்கிட்டு நின்ன சூப்பரின்டெண்டுக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஆபீஸ்ல அது 'அதிவேக மாதம்'னு கொண்டாடற நேரம். எல்லார் சட்டையிலும் 'நொடியில் சேவை'ன்னு பேட்ஜ் குத்தியிருந்தது. ஆனா ஆபீஸ் வெப்சைட்டுல ஒரு கமா மாத்தி கம்பைல் போட்டா, மதியச் சாப்பாடு முடிஞ்சு ஏப்பம் விட்டப்புறமும் ஓடிக்கிட்டே இருந்தது.

பதில் சொன்னவருக்கு ஆபீஸ்ல பேரு டெம்பரவரி. பத்துப் பன்னிரண்டு வருஷமா டெம்பரவரி. கம்பைல் முடியாம அவர் எழுந்திரிக்கக் கூடாதுங்கறது உத்தரவு. அன்னிக்கு சாயங்காலம் அவர் பொண்ணு பள்ளிக்கூட நாடகத்துல மரமா நிக்கப் போகுது. போன வருஷம் புதரா நின்னப்பவே அப்பா வரல.

"மரியாதையா? புரியற மாதிரி சொல்லுய்யா."

"சைட்டுங்கறது நூத்துக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல் சார். அதையெல்லாம் தேடி எடுத்து ஒண்ணாக் கட்டறதுதான் கம்பைல். ஒவ்வொரு ஃபைலுக்கும் மெஷின் முதல்ல டைரக்டர் ஃபோல்டருக்குப் போகுது. பேருக்குப் பின்னாடி புள்ளி வச்சு இந்த வால் ஒட்டின ஃபைல் இருக்கா, அந்த வால் ஒட்டினது இருக்கான்னு கேக்குது. இல்ல. அப்புறம் ஜாயின்ட் டைரக்டர், டெபுடி, அசிஸ்டென்ட், நீங்க. கடைசியா என் ஃபோல்டர். எல்லாமே அங்கதான் இருக்கு."

"அதுக்கு?"

"முதல்லயே அங்க போகச் சொல்லிடலாம். ஒரு வரி மாத்தினாப் போதும்."

"டைரக்டரைத் தாண்டியா?"

"அவர் ஃபோல்டர் காலி சார்."

"அவர் சீட்டும்தான் பாதி நாள் காலி. அதைத் தாண்டிப் போய் யாராவது கையெழுத்து வாங்கறாங்களா?"

"சரி, ஒரு தடவை கண்டுபிடிச்ச இடத்தையாவது மெஷினை ஞாபகம் வச்சுக்கச் சொல்லட்டுமா?"

"ஞாபகமா! வேற வினையே வேண்டாம். இன்னிக்கு மெஷின் ஞாபகம் வச்சுக்கும். நாளைக்கு ஜனங்க நாம சொன்னதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க."

உடனே 'தாமத ஒழிப்பு அவசரக் கூட்டம்' கூடி, மதியம் வரைக்கும் அவசரமா நடந்தது. டைரக்டர் பழுத்த அனுபவசாலி. சீனியாரிட்டியில கை வைக்காமலே முடிச்சை அவிழ்த்தார். உத்தரவு வந்தது: 'மேற்படி கடைசி ஃபோல்டர், அதன் நெடுங்கால, தன்னலமற்ற சேவையைக் கருத்திற்கொண்டு, இயக்குநருக்கும் மேற்பட்ட கௌரவ ஆலோசகர் அந்தஸ்துக்கு உயர்த்தப்படுகிறது.'

"அப்போ நான் சார்?"ன்னார் டெம்பரவரி.

"நீ டெம்பரவரி. ஃபோல்டர்தான் பர்மனென்ட்."

டெம்பரவரி அந்த ஃபோல்டரை வரிசையில முதல்ல வச்சுட்டு கம்பைலைத் தட்டினார். குடிச்ச தண்ணி தொண்டையில இறங்கறதுக்குள்ள முடிஞ்சது. மரத்தைப் பாத்துடலாம்னு பையைத் தோள்ல மாட்டினார்.

சூப்பரின்டெண்ட் ஓடி வந்தார். "கௌரவ ஆலோசகருக்குள்ள உன் ஃபைலைப் போட்டு வச்சிருக்கியா? அவ்வளவு பெரிய பதவியில இருக்கறவங்ககிட்ட வேலை இருக்கலாமாய்யா? அத்தனையையும் வெளியே எடு. உனக்குப் புது ஃபோல்டர் போட்டுக்கோ."

"அது எந்த இடத்துல சார் இருக்கும்?"

"கடைசியில. வேற எங்க?"

டெம்பரவரி மாத்திட்டு மறுபடி தட்டினார். மெஷின் முதல்ல கௌரவ ஆலோசகரைப் போய்ப் பார்த்தது. காலி. அப்புறம் டைரக்டர். தேடவேண்டிய இடத்துல ஒண்ணு கூடியிருந்தது. சூப்பரின்டெண்ட் பேட்ஜை நேராக்கிக்கிட்டு, "பாத்தியா, காலையில இருந்ததுக்கு இப்ப எவ்வளவு முறையா இருக்கு!"ன்னுட்டுப் போனார்.

வெளிச்சம் மங்கற நேரத்துக்கு அட்டெண்டர் மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணே, உங்களை எங்கெல்லாம் தேடறது! அண்ணி கேட்ல வண்டியோட நிக்கறாங்க, நாடகத்துக்கு நேரமாச்சுன்னு. நான் தேட ஆரம்பிச்சே அரை மணி நேரம் ஆச்சு."

"நான் எப்பவும் இங்கதானேப்பா இருக்கேன்?"

"தெரியும்ணே. அதுக்காக எடுத்த எடுப்பிலேயே இங்க வந்துட முடியுமா? டைரக்டர் ரூம்ல ஆரம்பிச்சு வரிசையா கேட்டுக்கிட்டு வர்றேன்."

டெம்பரவரி பையை மறுபடி தோள்ல மாட்டினார். உத்தரவாவது ஒண்ணாவது, மெஷின் பாட்டுக்குத் தேடட்டும்னு எழுந்து வராண்டாவில ஓடினார். அசிஸ்டென்ட் ரூம் வாசல் வந்ததும் கால் தானா நின்னது. உள்ளே ஆளில்ல. இருந்தாலும் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டார். அடுத்தது டெபுடி ரூம். அங்கயும் ஆளில்ல.

"சீக்கிரம் வாங்கண்ணே!"ன்னு முன்னாடி போன அட்டெண்டர் கத்தினான். அவனும் ஜாயின்ட் டைரக்டர் வாசல்ல குனிஞ்சுக்கிட்டுதான் நின்னான்.