ஒன்பது நாள் அணைக்காத கம்ப்யூட்டர்

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஒருவனுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும் என்றால், அவனுக்கு எவ்வளவு தெரியாது என்று கண்டுபிடிக்க அங்கே ஆள் இருக்காது. அந்த வசதியில் நான் இரண்டு வருடம் அறிவாளியாகவே காலம் தள்ளினேன். அதன் பிறகு அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் வீடு தேவிபட்டினத்தில். அப்பாவை நாங்கள் அய்யா என்போம்; அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். ராமநாதபுரத்துக்கும் முதுகுளத்தூருக்கும் இடையே போய்வரும் வண்டி. நான் ராமநாதபுரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். (ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஒருவர் தட்ட, மற்ற இருவரும் பார்க்கலாம். நான் பெரும்பாலும் பார்த்தேன்.) கூடப் படித்த ஜபருல்லா கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை போட்டிருந்தான். அவன்தான் எங்கெங்கிருந்தோ பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து எனக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்தான். தமிழ் எழுத்தையும் ஏற்றிக் கொடுத்தான்.

கல்யாணம் ஐப்பசியில். பத்திரிகை வேலையை யாரும் கேட்காமலே நான் தலையில் போட்டுக்கொண்டேன்.

"பிரஸ்ல குடுத்தா தப்புந் தவறுமா அடிச்சுருவாங்க. வீட்டுலயே நானே டைப் பண்ணி, பிளாப்பியில போட்டுக் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்" என்றேன்.

அய்யா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். "என்னமும் பண்ணு. ஒங்க மாமன்மார் பேர மட்டும் பாத்துப் போடு. அவுங்க ரெண்டு பேரும் பத்திரிகையப் படிச்சுப் பாத்துட்டுத்தான் வாரதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க."

மாமன்மார் விவகாரத்துக்கு மூல காரணம் நான்தான். எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். எனக்குத் தாய்மாமன் இரண்டு பேர். பெரியவர் வாலிநோக்கத்தில் உப்பள மேஸ்திரி; சின்னவர் முதுகுளத்தூரில் மிளகாய் வற்றல் வியாபாரி. எனக்கு மூன்று வயதானபோது யார் மடி என்று தகராறு வந்து, கடைசியில் இடது காதைப் பெரியவர் மடியிலும் வலது காதைச் சின்னவர் மடியிலும் வைத்துக் குத்தினார்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்தபோது, எந்தக் காதை முதலில் குத்தினார்கள் என்ற கேள்வி எழுந்தது. அன்றைக்கு எழுந்து போனவர்கள்தான். இருபது வருடமாக ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. (எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கிறது.)

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. மகள் கல்யாணத்தில் தன் கூடப்பிறந்தவர்கள் இருவரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும். அதற்காகப் பத்திரிகையில் பெயர் வரிசை பற்றித் தொலைபேசியிலேயே பேச்சுவார்த்தை தொடங்கினாள். பெரிய மாமா பெயர் முதலில் வரலாம், ஆனால் சின்ன மாமா பெயரோடு அவர் கடைப் பெயரும் வர வேண்டும். அப்படியென்றால் உப்பள மேஸ்திரி என்பதும் வர வேண்டும். அப்படியென்றால் பிள்ளைகள் வரிசையில் சின்ன மாமா மகன்தான் முதலில். அம்மா ஒவ்வொரு முறை போனை வைத்ததும் நான் ஒரு வரியை மேலே ஏற்றுவேன், அல்லது கீழே இறக்குவேன். எதையும் தாளில் எழுதக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தாள் யார் கையிலாவது சிக்கி, பாதி வரிசையை ஒருவர் பார்த்துவிட்டால் கதை கந்தல்.

இந்த இடத்தில் என் அறிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் தேதி, முகூர்த்தம், அழைப்பவர் என்று அய்யாவின் பெயர், இவ்வளவையும் அடித்து, முறையாக பிளாப்பியில் சேவ் செய்தேன். மறுநாள் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் கொம்பு முளைத்த கேள்விக்குறிகளுமாகப் பக்கம் முழுக்க ஒரே குப்பை. அப்போது நான் ஒரு ஆராய்ச்சி முடிவுக்கு வந்தேன். சேவ் செய்தால் தமிழ் கெட்டுப்போகிறது. ஆகவே சேவ் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும் புதிதாக அடித்து, அன்றிலிருந்து கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்தேன். ஒன்பது நாள். சூடாகிறதே என்று பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். புழுக்கத்தில் அக்கா விசிறியால் விசிறிக்கொண்டு, "கல்யாணப் பொண்ணு நானா, அதுவா?" என்று கேட்டாள். மின்சாரம் போனால் யூ.பி.எஸ். கீச் கீச் என்று கத்தும். கரண்ட் வரும்வரை அதன் பக்கத்திலேயே, பிரசவ அறை வாசலில் நிற்பவன் மாதிரி நிற்பேன். ஒவ்வொரு முறையும் எப்படியோ தப்பித்தது. எட்டாம் நாள் சாயங்காலம் இரு தரப்பும் சம்மதம் சொல்லிவிட்டது. அம்மா போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் திரையில் அந்த வரிசையைப் பார்த்தேன். ஒரு எழுத்தைத் தொட்டாலும் சரிந்துவிடும் என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை.

அய்யாவின் தோல்பை, விசில், அக்காவின் தையல் மிஷின், என் ஆறு மாதப் படிப்பின் நோட்டு, எல்லாம் பூஜைக்கு வந்தன. அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"இதையும் வச்சுத்தான் கும்பிடணும். அமத்து."

"அமத்த முடியாதும்மா. உள்ள பேரெல்லாம் இருக்கு. டிவி மாதிரி இருக்குறத மட்டும் அமத்துறேன், பெட்டி ஓடட்டும்."

"ஓடுனா ஓடட்டும். ஆனா நாளைக்குக் காலைல வரைக்கும் நீ தொடக் கூடாது. பூசைல வச்ச சாமான்ல வேல பாத்தா வித்தை ஏறாது."

(ஏற்கெனவே ஏறியிருந்த வித்தையின் அளவு அவளுக்குத் தெரியாது.) பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். பூச்சரம் போட்டாள். சாம்பிராணி காட்டினாள். பிறகு சொம்பில் மாவிலையை முக்கி மூன்று முறை தண்ணீர் தெளித்தாள். கடைசியில், எல்லாச் சாமானுக்கும் போட்டதுபோல, இரண்டு கை பொரியும் பொட்டுக்கடலையும் அள்ளிப் போட்டாள். தகட்டைக் கழற்றி வைத்திருந்தேன் என்பதை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன்.

'டப்' என்று ஒரு சத்தம். சாம்பிராணிப் புகைக்குள் இன்னொரு புகை கலந்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை. பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

"அம்மா, லைட் எரியல."

"தொடாதே. நாளைக்குப் பாரு."

மறுநாள் விடியும்வரை அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நான் செய்த ஒரே நவராத்திரி விரதம். காலையில் ஜபருல்லா வந்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். இரண்டு விரலால் ஒரு பொரியை எடுத்தான். பிறகு ஒரு பொட்டுக்கடலையை எடுத்தான். அதன் பின்னாலேயே வரிசையாக எறும்புகள் வந்தன.

"மாப்ள, இதுக்குச் சாப்பாடு போட்டது யாரு?"

"பூசைடா."

"அல்லாவே. போர்டு கருகிருச்சு. சரி, பத்திரிகைய சேவ் பண்ணி வச்சிருக்கேல்ல?"

"இல்ல. சேவ் பண்ணுனா தமிழ் கெட்டுப்போகுதுல்ல?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை விளக்க மாட்டேன். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

அன்று விஜயதசமி; உச்சிப்பொழுதுக்குள் பத்திரிகை மேட்டர் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும், நல்ல நாள் தவறக் கூடாது என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். வரிசை தொலைந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஜபருல்லா கடைக்கு ஓடினேன். அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நினைவிலிருந்து அடித்தேன். உப்பள மேஸ்திரி. மிளகாய் வற்றல் கடை. யார் மகன் முதலில், யார் மருமகள் அடுத்து, யாருக்கு எங்கே இனிஷியல். ஒவ்வொரு வரியும் அதற்கு நடந்த சண்டையோடு சேர்ந்து ஞாபகம் வந்தது. ஒரு கால், ஒரு கொம்பு மாறவில்லை. முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

புரூப் வந்தது. அம்மா தன் தம்பி, அண்ணன் பெயர்களை விரல் வைத்துப் படித்தாள். அக்கா மாப்பிள்ளை பெயரை மட்டும் படித்தாள். (நான்கு தடவை.) அய்யா வண்டியில் இருந்தார். எண்ணூறு பத்திரிகை அடித்து வந்தது.

அம்மா முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அய்யாவிடம் நீட்டினாள். குலசாமிக்கு வைக்க வேண்டிய பத்திரிகை. அய்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிறுத்தங்களின் பெயரைக் கூவுகிற அதே குரலில், ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தார். கடைசிவரை போனார். திருப்பிப் பார்த்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"ஏலே, எல்லாம் சரியாத்தான் இருக்கு. இதுல பொண்ணப் பெத்தவன் யாரு?"

வாங்கிப் பார்த்தேன். 'எங்கள் மகளின் திருமணத்துக்கு வருகை தர வேண்டுகிறோம்' என்று இருந்தது. அதற்குக் கீழே நேராகப் பெரிய மாமா, சின்ன மாமா. அய்யா பெயர் இல்லை. பத்திரிகைப்படி என் அக்கா, பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு மாமன்களுக்கும் கூட்டாகப் பிறந்த மகள்.

அய்யா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார். "இருவத்தாறு வருசமா அம்புட்டுப் பேருக்கும் சீட்டுக் கிழிச்சேன். எனக்கே ஒரு சீட்டு இல்ல பாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உண்மை உறைத்தது. ஒன்பது நாளும் சண்டை போட்டவர்கள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. சண்டையே போடாத ஒரே ஆள் அய்யா. அவர் பெயரை யாரும் ஏற்றச் சொல்லவில்லை, இறக்கச் சொல்லவில்லை. அதனாலேயே மறந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

மறுபடி அடிக்க பிரஸ்ஸில் நேரம் இல்லை. முகூர்த்த மாதம், வேலை நிரம்பி வழிந்தது. அம்மா அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனியாகப் போன் போட்டு ஒரே அழுகையை அழுதாள். மறுநாள் காலை பெரிய மாமா வந்து பாயில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் சின்ன மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்ததும் ஒரு கால் படிக்கு வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றார்.

பெரிய மாமா அவரைப் பார்க்காமல் அய்யாவிடம் சொன்னார். "மாப்ள, நீ பெத்த பிள்ளைக்கு ஒம்பேர் இல்லாம எங்க பேரு என்னத்துக்கு? கையால எழுதுவோம். கொண்டா."

"நானும் அதுக்குத்தான் வந்தேன் மச்சான்" என்றார் சின்ன மாமா, அவரும் அய்யாவிடம்.

எண்ணூறு பத்திரிகை. பெரிய மாமா கையெழுத்து மணிமணியாக இருக்கும்; அவர் எழுதினார். சின்ன மாமா ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எழுதி முடித்ததை ஊதிக் காயவைத்து அடுக்கினார். அய்யாவின் பெயர், கீழே 'நடத்துநர்'. ஒரு மணி நேரம் விசிறிச் சத்தம் மட்டும்தான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

"மை தீந்துருச்சு" என்றார் பெரிய மாமா, யாரிடம் என்று சொல்லாமல்.

சின்ன மாமா சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். "இதுல எழுதுண்ணே."

இருபது வருடத்தில் அது முதல் பேச்சு. அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு, என் இடது காதையும் வலது காதையும் மாறி மாறிப் பிடித்துத் திருகி, எதை முதலில் குத்தினார்கள் என்று சிரித்துக்கொண்டே விவாதிக்கத் தொடங்கியிருந்தார்கள். (வலித்தது. ஆனால் ஏன் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.) கல்யாணத்தன்று மேடையில் இருவரும் அக்காவின் இருபக்கமும் நின்றார்கள். அந்தப் போட்டோவை அம்மா இன்றும் பீரோவில் பட்டுச் சேலைக்கு நடுவே வைத்திருக்கிறாள்.

கல்யாணம் முடிந்த வாரம் ஜபருல்லா அந்த முதல் நாள் பிளாப்பியைக் கேட்டான். அய்யாவும் கடைக்கு வந்திருந்தார். குப்பை எழுத்துகள் திரையில் வந்தன. ஜபருல்லா எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பட்டியலில் தமிழ் எழுத்துருவைத் தட்டினான். அவ்வளவுதான். கொம்பு முளைத்த கேள்விக்குறிகளெல்லாம் ஒரு நொடியில் தமிழாக மாறி நின்றன. தேதி, முகூர்த்தம், அதற்குக் கீழே அய்யாவின் பெயர்.

அய்யா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "அப்ப நான் உள்ளதான் இருந்திருக்கேன்."

இப்போது என் மகனுக்குக் காதுகுத்து. (ஒரே ஒரு மைத்துனன் இருக்கிற வீடாகப் பார்த்துத்தான் பெண் எடுத்தேன்.) பத்திரிகையை நானே அடித்து, போன வாரம் அய்யாவுக்குத் திரையில் காட்டினேன். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் படிக்கும் குரல் மாறவில்லை. முதல் வரியிலேயே அவர் பெயர் இருந்தது. அதைத் தாண்டி அவர் போகவில்லை.

"ஏலே, என்னய சேவ் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்யா. மூணு எடத்துல."

அய்யா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதுக்கும் இன்னொரு தடவ பண்ணிரு. நான் இங்கனயே இருக்கேன்."