சங்கு அண்ணன் சாவியைத் தூக்கிக் காட்டிய நாள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நமக்கும் எழுத்துக்கும் எட்டாம் வகுப்போடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் உலகத்திலேயே யாருக்காகவும் வண்டியை நிறுத்தாத ஒரே மனிதரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு எவன் எழுதுவான்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். ஆலைச் சங்கே அவரைப் பார்த்துத்தான் ஊதும் என்பதால் சங்கு அண்ணன். மேனேஜரை ரோட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தன் கல்யாணத்தன்று மாமனாரையே மண்டபத்து வாசலில் விட்டுப் போனதாகக் கேள்வி.

ஒரு வருஷம் பக்கத்துக் காலேஜ் மைதானத்தில் அகில இந்திய காலேஜ் பெண்கள் ஃபுட்பால் போட்டி நடந்தது. தெற்கேயிருந்து வந்த டீமை லாட்ஜிலிருந்து ஏற்றிப்போக, ஷிப்டுக்கு நடுவே எங்கள் பஸ்ஸைக் கேட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு, கிளீனர் என்று சொல்லித் தொற்றிக்கொண்டேன். ஃபுட்பால் மேல் அவ்வளவு பக்தி.

முதல் நாளே கோல்கீப்பர் மாரி சீப்பும் கையுமாக இறங்கி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. டீக்கடைத் திருப்பம் வரை ஓடிவந்து ஏறினாள்.

"ஒரு நிமிசம் நிக்கப்படாதா அண்ணாச்சி?"

"டைம் ஆச்சின்னா வண்டி நிக்காதும்மா."

அதற்கப்புறம் இன்ஜின் சத்தம் கேட்டாலே மொத்த டீமும் இட்லியைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. கோச்சுக்குக்கூட அப்படிப் பயப்படவில்லை.

ஃபைனல் டிராவாகி பெனால்டிக்கு வந்தது. அங்கே கம்பெனி போகும் வழியில் வல்லம் வடகாலில் எங்கள் இரண்டாம் ஷிப்டு ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். லேட்டானால் அண்ணனுக்கு வேலை போய்விடும் என்று பஸ் முதலாளி முன்பே சொல்லியிருந்தார். சங்கு அண்ணன் மைதானத்து ஓரம் நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அவ்வளவுதான். மாரி கோலை அப்படியே விட்டுவிட்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினாள். பந்து காலி கோலுக்குள் சாவகாசமாக உருண்டு போனது. மைதானமே சிரித்தது, நானும்தான். மாரி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சிரிக்காத இன்னொரு ஆள் சங்கு அண்ணன். இன்ஜினை அணைத்தார். இறங்கி நேராக கோலுக்குப் பின்னால் போய் நின்று, சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"நீ ஆடும்மா. சாவி என் கைல கீது."

அடுத்து வந்த ஒரு பந்தையும் மாரி உள்ளே விடவில்லை. கோப்பை அவர்களுக்கு. இரண்டாம் ஷிப்டு ரோட்டிலேயே நின்றது. கம்பெனியில் லைன் ஆளில்லாமல் கிடந்தது. முதலாளி அண்ணனைக் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்தார். திரும்பி வந்த முதல் நாளே என்னை அரை கிலோமீட்டர் ஓடவிட்டார். ஆள் மாறவில்லை.

இன்று ஷிப்டுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்து இதை முடித்து, ரூம்மேட் குமாரிடம் நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி சொன்னான்:

"கீழ ஓடுடா, சங்கு உனக்காக சாவிய கைல வெச்சிகினு நிக்கிறாரு."